மாதுளை வித்தும் உள்ளுறையும்

பொருள்களை மட்டும் அடுக்கிவைத்து எடுக்கும் நிழற்படத்தை மேனாட்டார் ‘ஸ்டில் லைஃப்’ என்பர். அதில் ஆள் இல்லை, அசைவு இல்லை. ஒரு பலகை, அதன்மேல் பழமோ பாண்டமோ பூவோ, ஒரு பக்கமாக விழும் வெளிச்சம், இவ்வளவே. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. இக்கட்டுரையில் ‘பொருட்படம்’ என்று வழங்குவேன். ‘பொருள்’ என்னும் சொல் பண்டத்தையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். இவ்விரண்டும் இங்கே நமக்கு வேண்டியிருக்கின்றன.

பினாங்கில், ஜார்ஜ் டவுனில் வாழும் நண்பர் ஒருவர் ஓய்வு நேரங்களில் நிழற்படம் எடுப்பவர். கிரேக்கப் புராணக்கதை ஒன்றைப் பொருட்படமாக எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. தாம் வைக்கப்போகும் பொருள்களையெல்லாம் ஒரு தாளில் கோட்டுருவாக வரைந்து காட்டினார். நடுவில் வெண்சாந்தினாற் செய்த பெண் தலைச்சிலை ஒன்று. அதன் பின்னே கறுப்பு வெல்வெட்டுத் துணி. சிலையின் தலையிற் சுற்றிய கொடி. ஒரு பக்கம் மண்டையோடு. முன்னே பிளந்த மாதுளம்பழம். அதற்கும் முன்னே வரிசையாக ஆறு மாதுளை வித்துகள். “பார்த்தவுடனே கிரேக்கம் என்று தெரிய வேண்டுமல்லவா?” என்றார் நண்பர். அந்தத் தாளைப் பற்றியதே இத்திறனாய்வு. எடுத்து முடிந்த படத்தைப் பற்றி எழுதுவோர் பலர். எடுக்கப்போகும் படத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. குற்றம் கண்டால் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

கதையை முதலிற் சொல்லிவிடுவோம். தானியத்துக்குத் தெய்வமாகிய டிமீட்டருக்கு பெர்செபொனி என்று ஒரு மகள். அவள் தோழியரோடு புல்வெளியிற் பூப்பறித்துக்கொண்டிருக்கையில் நார்சிசஸ் என்னும் நறுமலர் ஒன்றைக் கண்டு கைந்நீட்டினாள். நிலம் பிளந்தது; கீழுலகத்து வேந்தன் ஹேடீஸ் தேரேறி வந்து அவளைக் கவர்ந்துசென்றான். தாய் கையிற் பந்தம் ஏந்தி ஒன்பது நாள் தேடினாள். பின்னர்ச் சினந்து, மண்ணில் விதைத்த வித்து முளையாதபடி செய்துவிட்டாள். மக்களும் பட்டினி, தேவருக்கும் படையல் இல்லை. வேறு வழியின்றி மகளைத் திருப்பி அனுப்ப இசைந்தனர். புறப்படும் வேளையில் ஹேடீஸ் அவளுக்குத் தேனினிய மாதுளை வித்து ஒன்றை உண்ணக் கொடுத்துவிட்டான். அங்கே உண்டவள் முற்றாக மீள்வதற்கில்லை. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காலம் கீழே; எஞ்சிய காலம் தாயோடு மேலே. ஹோமர் பெயரால் வழங்கும் பழைய கிரேக்கத் துதிப்பாடல் இவ்வாறு கூறுகிறது.

அப்படியானால் நண்பரின் தாளில் உள்ள ஆறு வித்து யாருடைய கணக்கு? பழைய பாடலில் உண்டது ஒரு வித்தே. உரோமப் புலவர் ஓவிட் தம் நூல்களுள் ஒன்றில் ஏழு என்கிறார், மற்றொன்றில் மூன்று என்கிறார். கீழுலகில் இருந்த காலம் ஆண்டிற் பாதி என்று கதை மாறியபின், மாதத்துக்கு ஒன்றாக ஆறு என்று பிற்காலத்தார் வகுத்துக்கொண்டனர் போலும். எண்ணிக்கை சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. ஆறு வித்தை வரிசையாக வைத்தால் அது பஞ்சாங்கம். கண் எண்ணத் தொடங்கிவிடும். ஒரு வித்து என்றால் அது ஒரு செயல். அறியாமலோ, அறிந்தும் மறுக்க இயலாமலோ, ஒரு முறை வாயிலிட்டுக்கொண்ட செயல். கதையின் துயரமெல்லாம் அந்த ஒன்றில் இருக்கிறது. ஒரு பிடி உண்டிருந்தால் பசி என்று சொல்லிவிடலாம்.

இனித் தலைச்சிலைக்கு வருவோம். பொருட்படத்தில் வெண்சாந்துச் சிலை வைக்கும் வழக்கம் நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது. பிரான்சு நாட்டு டகேர் 1837இல் எடுத்த புகழ்பெற்ற படத்திலேயே சாந்துருவங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் நூலில் 24 படங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு பத்ரோக்ளஸ் என்று அவர் பெயரிட்ட தலைச்சிலையின் படங்கள். பத்ரோக்ளஸ் டிராய்ப் போரில் மடிந்த கிரேக்க வீரன். ஆகவே கிரேக்கக் கதையைப் பொருளால் நிழற்படமாக்குவோர் அனைவருக்கும் டால்பட் முன்னோடி எனலாம். ஆனால் அவர் ஏன் சிலையை எடுத்தார்? அன்றைய தாளில் ஒளி பதிய நெடுநேரம் ஆயிற்று. உயிருள்ளவர் அசைவர், சிலை அசையாது. அன்றியும் அது வெண்மையானது. ஒளியை நன்கு திருப்பித் தரும். இக்காரணங்கள் தொழிலின் நெருக்கடியிற் பிறந்தவை. நெருக்கடி நீங்கி நூற்றாண்டு கடந்தபின்னும் அந்தச் சிலையை நாம் அழகின் இலக்கணமாகக் கொண்டாடுவது, முடவன் ஊன்றிய கோலைப் பார்த்து நடையழகு என்று நாமும் ஊன்றிக்கொள்வது போன்றதாகும்.

சிலையை விலக்குவதற்கு இதனினும் வலிய காரணம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. தமிழாசிரியர்கள் அதனை நன்கறிவர். கருப்பொருள் இவை என்று கூறத் தொடங்கும் தொல்காப்பியர் தெய்வத்தையே முதலில் வைக்கிறார். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன பின்னே வருகின்றன. ஆயினும் உள்ளுறை உவமம் எதனை நிலமாகக் கொண்டு தோன்றும் என்று சொல்லுமிடத்தில், தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருள்களையே கொள்ளவேண்டும் என்று வரையறுத்துவிடுகிறார். முதலில் வைத்த ஒன்றை ஏன் விலக்கினார்? நான் கொள்ளும் காரணம் இது. உள்ளுறை என்பது சொல்லாமற் சொல்வது. வண்டைச் சொன்னால் தலைவன் தோன்றுவான். எருமை மிதித்த பூவைச் சொன்னால் தலைவியின் நெஞ்சம் தோன்றும். தெய்வத்தைச் சொன்னாலோ தெய்வந்தான் தோன்றும். அதன் பெருமை தன்னைச் சுற்றியுள்ள பொருள் யாவற்றையும் விழுங்கிவிடும். நண்பரின் தாளில் அதுவே நிகழ்ந்திருக்கிறது. சிலை முகத்தைப் பார்த்த கண் மாதுளையைப் பார்ப்பதில்லை. ஆங்கில ஓவியர் ரொசெட்டி 1874இல் தீட்டிய பெர்செபொனியின் ஓவியத்திலும் கையிலுள்ள மாதுளை, முகத்தின் அழகுக்கு அணிகலனாகச் சிறுத்துப்போயிற்று என்பதே என் எண்ணம்.

“பொருளைக் கொண்டே தெய்வத்தைக் காட்டும் வழக்கம் நம்மிடம் இல்லையா? வேல் இல்லையா?” என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பினாங்குக்காரரைத் தவிர வேறு யாரும் இதனை இவ்வளவு பொருத்தமாகக் கேட்டிருக்க முடியாது. இவ்வூர்த் தைப்பூசத்தில் நகரத்தாரின் வெள்ளித்தேர் 1894 முதல் முருகனின் திருவுருவத்தைத் தாங்கிவந்தது. 2017இல் பொன்தேர் ஒன்றும் புறப்பட்டது. அதில் வீற்றிருந்தது வேல். ஒரே தெருவில் முன்னொன்று பின்னொன்றாக உருவமும் சின்னமும் சென்ற காட்சியை ஊரே கண்டது. ஆனால் வேல் உள்ளுறை அன்று. அதனைக் கண்டவுடன் ‘முருகா’ என்று வாய் சொல்லிவிடுகிறது. அது பெயரைச் சொல்லும் பொருள். பொசைடனுக்கு முத்தலைவேல், ஹெர்மீசுக்குப் பாம்பு சுற்றிய கோல், அதீனாவுக்கு ஆந்தை என்று மேனாட்டு ஓவியர் வைப்பனவும் இவ்வகையினவே. வழிபாட்டுக்கு அது மிக உயர்ந்தது. பொருட்படத்துக்கோ அது போதாது. பார்ப்பவன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். மாதுளையும் வெறுஞ் சின்னமாகிவிடும் இடர் உண்டு. தட்டில் முழுப்பழமாக வைத்தால், அல்லது கடைக்காரர் பிளந்து காட்டுவதுபோல் அழகாகப் பிளந்து வைத்தால், அது பெர்செபொனியின் பெயர்ப்பலகையே.

மாதுளை நமக்கு அயலானது என்று யாரேனும் கூறுவாராயின் அவருக்குப் பெரும்பாணாற்றுப்படையைக் காட்டலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தணர் உறைவிடத்து விருந்தைச் சொல்லும்போது, மாதுளங்காயைப் பசுவெண்ணெயில் வேகவைத்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கூட்டிய பொரியலைச் சொல்கிறார். அதைச் சொல்லிச் சில அடிகளே கடந்து, நீர்ப்பெயற்று என்னும் துறையருகே வேள்வித்தூணின் உச்சியில் இருக்கும் மீன்கொத்திக்கு யவனர் கப்பலின் அன்ன விளக்கை உவமை சொல்கிறார். மாதுளையும் யவனர் பொருளும் ஒரே பாட்டில் இத்துணை நெருங்கி நிற்பது பலர் கவனியாத செய்தி. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரண்மனையிலும் யவனர் இயற்றிய பாவை ஒன்று கையில் அகலேந்தி நிற்கிறது. யவனர் என்றால் கிரேக்கரும் உரோமரும் ஆவர். அவர்கள் கடவுளரின் படிமங்கள் இந்திய மண்ணுக்கு வந்தன என்பதற்குக் கோலாப்பூரிற் கிடைத்த பொசைடனின் சிறு வெண்கல உருவம் சான்று. ஆனால் நக்கீரர் அப்பாவை எந்தத் தேவதை என்று ஆராயவில்லை. அது விளக்கு ஏந்துகிறது; தலைவனைப் பிரிந்த அரசியின் அறையில் அது எரிகிறது. அவ்வளவே அவருக்கு வேண்டியிருந்தது. அயல்நாட்டுச் சிலையைத் தம் துறைக்குள் பொருளாக்கிக்கொண்ட அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

கிரேக்கருக்கும் பொருட்படம் ஒரு தனி மரபாகவே இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு அனுப்பும் பழம், முட்டை, காய்கறி முதலியவற்றைத் தீட்டிய படங்களை ‘க்செனியா’ என்று வழங்கினர் என உரோமக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். ‘க்செனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அயலான், விருந்தினன் என இரு பொருளும் உண்டு. நம் ‘விருந்து’ என்னும் சொல்லுக்கும் புதுமை என்பதே அடிப்பொருள். ஆக, அயலாருக்கு வைத்த உணவே அங்குப் பொருட்படத்தின் தோற்றுவாய். ஹேடீஸ் கொடுத்த வித்தும் ஒருவகையில் விருந்துதான், கொடுமையான விருந்து.

இவ்வூரிலும் பழப்படம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்கா நீரிணைப் பகுதியின் நிழற்பட நிலையங்கள் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் முதலிய பழங்களை அடுக்கி எடுத்த படங்களைப் பயணிகளுக்கு விற்றன. சிங்கப்பூர் லாம்பர்ட் நிலையத்தின் தொகுப்புகளில் அத்தகையவற்றைக் காணலாம். ஜான் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்து நிழற்படக்காரர் 1860களின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்து மாதம் பினாங்கில் தங்கித் தொழில் செய்தார். மதராஸ் பக்கத்து ஆட்கள் இருவரைப் பழக்கிப் படங்களை அச்செடுப்பதில் தேர்ந்தவர்களாக்கினார் என்பதை அவர் 1875இல் வெளியிட்ட நூலால் அறிகிறோம். இத்தீவில் நிழற்படத் தொழில் வேரூன்றிய காலத்திலேயே நம்மவர் கை வெள்ளி உப்பில் நனைந்திருக்கிறது. ஆனால் அக்காலத்துப் பழப்படங்களைப் பார்த்தால், அவை விலைப்பட்டியல்கள். டுரியான் இப்படி இருக்கும், மங்குஸ்தானை வெட்டினால் உள்ளே இப்படி வெண்சுளை இருக்கும் என்று ஊருக்குத் திரும்பிச் சொல்ல உதவுவன. பழம் இருக்கிறது; பழத்துக்கு ஒன்றும் நேரவில்லை.

அடுத்தது, உள்ளூர்ப் பொருளை மாற்றி வைப்பது பற்றிய வினா. நண்பர் என் பேச்சைக் கேட்டுச் சற்றே அதிகமாக மனம் மாறிவிட்டார். “அப்படியானால் மாதுளை வேண்டாம், சாதிக்காய் வைக்கிறேன். பினாங்கின் பொருள், பிளந்தால் கருங்கொட்டையைச் செந்நிறச் சாதிபத்திரி பின்னியிருப்பது இரத்தம்போல் இருக்கும்” என்றார். காட்சிக்கு அருமையான பொருள்தான். ஆயினும் இவ்விடத்தில் நான் அவரைத் தடுத்தேன். உவமம் தோன்றும் வழி வினை, பயன், மெய், உரு என நான்கு என்று உவமவியல் கூறுகிறது. சாதிக்காய் மாதுளையை ஒப்பது உரு ஒன்றினால், அதாவது நிறத்தால் மட்டுமே. அதனை யாரும் விருந்தாக ஒரு வித்து எடுத்து வாயிலிடுவதில்லை. அதற்கு வேறு வரலாறு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பெனி அதன் கன்றுகளை இங்குக் கொணர்ந்ததும், 1860ஐ ஒட்டி நோயால் தோட்டங்கள் அழிந்ததும் தனிப் படத்துக்கு உரியவை. பிறிதொரு கதையில் அதற்கு வேடம் கட்டிவிடுவது சாதிக்காய்க்கும் நியாயமன்று.

ஆனால் டிமீட்டரின் வாற்கோதுமைக் கதிருக்குப் பதிலாக நெற்கதிரை வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். அங்கே வாற்கோதுமை செய்த தொழிலை இங்கே நெல் செய்கிறது. ‘வித்து முளையாமற் போயிற்று’ என்றால் செபராங் பிறை வயல்களில் நிற்பவருக்கு நெல்லே நினைவுக்கு வரும். இது வினையாலும் பயனாலும் அமைந்த உவமம். நார்சிசஸ் பூவின் செய்தி இன்னும் வேடிக்கையானது. அதற்குப் பதில் தேட வேண்டியதே இல்லை. மத்தியதரைக் கடற்கரைப் பூவின் இனத்ததே சீனர் தம் புத்தாண்டுக்குக் கிழங்கோடு நீரில் வைத்து மலரச் செய்யும் வெண்பூ. தென் பூகியனில் சாங்சோவு வட்டாரம் அதற்குப் பெயர்பெற்றது. பினாங்கு ஹொக்கியன் மக்கள் பலரின் முன்னோர் புறப்பட்ட ஊர்களும் அப்பகுதியினவே. பெர்செபொனியை ஏமாற்றிய மலர் சீனத்தைச் சுற்றிக்கொண்டு இவ்வூருக்கு வரும் முறைமை உடையது என்றால், திட்டமிடுவோர் காலத்தைப் பார்த்துக்கொண்டாற் போதும். மாதுளைக்கு மலாயில் ‘டெலிமா’ என்று பெயர். வடசொல்லின் வழி வந்தது. மாணிக்கக் கல்லுக்கும் அச்சொல்லே. ஆகவே அதுவும் இங்குக் குடியேறி நெடுங்காலம் ஆயிற்று.

இவ்வளவும் கேட்ட ஆசிரியர் ஒருவர் இடையில், “நமக்குக் காரைக்காலம்மையாரின் மாங்கனி இருக்க, அயலார் மாதுளை எதற்கு?” என்று கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான், இரு கதையும் வியக்கத்தக்கவாறு நெருங்கியவை. பெரியபுராணத்தில் கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டு. ஒன்றை அம்மையார் சிவனடியாருக்கு இட்டுவிட்டார். மற்றொன்றை உண்ட கணவன் இரண்டாவதையும் கேட்டான். இறைவனை நினைந்தார்; கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருந்ததால் உண்மை வெளிப்பட்டது. அஞ்சிய பரமதத்தன் கடல்வாணிகம் என்று சொல்லிக் கப்பலேறினான். மீண்டு வந்தும் காரைக்காலுக்குத் திரும்பாமற் பாண்டிநாட்டில் வேறு மனை கொண்டு தங்கிவிட்டான். அங்கும் ஒரு கனி. அங்கும் ஒரு வாய். அதன்பின் பழைய வீடு பழைய வீடாக இல்லை.

எனினும் நிழற்படக் கருவிக்கு முன்னே இரண்டும் ஒன்றல்ல. அம்மையார் கதையின் அற்புதம் கனி வந்ததில் இருக்கிறது. அதன் வேற்றுமை நாவுக்குத் தெரிந்ததே யன்றிக் கண்ணுக்குத் தெரியவில்லை. இறைவன் தந்த கனியும் தோப்பில் விளைந்த கனியும் படத்தில் ஒரே மாங்கனிதான். ஓவியன் ஒளிவட்டம் போடலாம்; நிழற்படக்காரன் போட்டால் அது பித்தலாட்டம். மாதுளையின் நிலை வேறு. அதன் ஒவ்வொரு வித்தும் தன் சிறுகுழியில் அழுந்தியிருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் அக்குழி அப்படியே நிற்கும். இல்லாததைக் காட்ட நிழற்படத்துக்கு எளிதில் இயலாது, இங்கே இயலும். ஆறு வித்தை முன்னே பரப்புவதற்கு மாறாக, வித்தெதனையும் வெளியே வைக்காமல், பழத்தில் ஒரே ஒரு குழியை வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்பதே நண்பரின் தாளில் நான் செய்த முதன்மையான திருத்தம்.

அந்தக் குழியை ஜார்ஜ் டவுனில் வைத்துப் பார்ப்பதற்கும் வேறிடத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் வேற்றுமை உண்டு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ரஜுலா என்னும் கப்பல் 1926 தொடங்கி 1970களின் முற்பகுதி வரை நம்மவரை இத்துறைமுகத்துக்கு ஏற்றிவந்தது. அதன்பின் வந்த எம். வி. சிதம்பரம் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழியும் ஓய்ந்தது. மூன்றாண்டு இருந்து சிறிது பொருள் சேர்த்துத் திரும்பிவிடுவோம் என்று வந்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பியவரும் உண்டு, ஊருக்குப் போய் இருக்கமாட்டாமல் மறுகப்பலில் வந்தவரும் உண்டு. போய்வந்த காலத்தைக் கணக்கிட்டால் சிலருக்கு வாழ்நாளில் மூன்றிலொரு பங்கு அங்கே, எஞ்சியது இங்கே. இவர்களைப் பிடித்து நிறுத்தியது எது என்று வரலாற்றாசிரியர் ஒப்பந்தம், கடன், சம்பளம் என்று பல காரணம் காட்டுவர். அவை யாவும் உண்மை. ஆயினும் இங்கே அடுப்பு மூட்டி உண்ட முதற்சோற்றுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஹேடீசின் நாடு இருள்நாடு, இந்நாடு அப்படியன்று, அந்த அளவில் ஒப்புமை நின்றுவிடும். இருள் வேண்டாம், மண்டையோடு வேண்டாம், கறுப்பு வெல்வெட்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அப்பொருள்களை வைத்தால், இங்கே உண்டு இங்கே தங்கியவர்களின் வாழ்வைச் சாவு என்று சொன்னதாக முடியும். கிரேக்கரே பெர்செபொனியை அங்கே சிறைப்பட்டவளாக மட்டும் காணவில்லை. அவள் அந்நாட்டின் அரசி.

இனி ஒளி. மேனாட்டுப் பாடநூல்கள் பொருட்படத்துக்கு வடக்குச் சன்னலைப் பரிந்துரைக்கும். அந்நாடுகளில் ஞாயிறு என்றும் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சன்னலில் நேர்வெயில் புகாது. ஒளி நாள் முழுதும் சீராயிருக்கும். பினாங்கோ வடக்கே 5 பாகைக்குச் சற்று மேல் இருக்கும் ஊர். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் உச்சிப்பொழுதில் ஞாயிறு தலைக்கு நேரே நிற்கும். அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது நம் வடபுறத்தில் இருக்கும். ஆகையால் நூலை நம்பி மே மாதம் வடக்குச் சன்னலைத் திறந்தவர் வெயிலைத்தான் காண்பார். இவ்வூருக்கு உரிய ஒளியறை வேறொன்று இருக்கிறது. அது பழைய கடைவீடுகளின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம். நீண்டு குறுகிய அவ்வீடுகளின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் அந்த ஒரு வாயால்தான் இறங்குகிறது. காலை ஒன்பது மணியளவில், வெயில் மேற்சுவரில் மட்டும் பட்டுத் தரையில் நேரே விழாத வேளையில், அங்கே கீழே வைத்த பொருளின்மேல் மென்மையான ஒளி மேலிருந்து வீழும். பார்ப்பவன் தான் கீழே இருப்பதையும் வானம் மேலே இருப்பதையும் ஒரு சொல்லும் இன்றி உணர்வான். பெர்செபொனியின் கதைக்கு இதனினும் தக்க மேடை எந்த நிழற்பட நிலையத்திலும் கட்ட முடியாது.

நிழற்பக்கம் மிகக் கறுத்தால் ஒரு வெள்ளைத் துணியை அப்பக்கம் பிடித்து ஒளியைத் திருப்பலாம். இந்த உத்தியையும் டால்பட்டே தம் நூலிற் சொல்லியிருக்கிறார். நமக்கு ஒரு வெளுத்த வேட்டி போதும். பழத்தை முன்கூட்டியே அரிந்து வைத்துவிடலாகாது. ஈரக்காற்றில் எறும்பும் ஈயும் விரைந்து வரும், வெட்டுவாய் பழுப்பேறும். கத்தியால் அரியாமற் கையாற் பிளப்பது நல்லது. உண்ணத் தொடங்கிய பழம் அப்படித்தான் இருக்கும். வண்ணத்தில் எடுப்பதா, கறுப்பு வெள்ளையிலா என்பது நண்பருக்குத் தீராத ஐயமாக இருந்தது. தாம்சன் காலத்துக் கண்ணாடித் தகடுகள் செந்நிறத்தை உணரா. மாதுளை வித்துகள் அவற்றிற் கருநிறமாகவே பதிந்திருக்கும். இன்றைய கருவிக்கு அக்குறை இல்லை. எனினும் செந்நிறம் கண்ணைப் பறித்துக்கொண்டால் வெறுங்குழி மறைந்துவிடும் என்பதால் கறுப்பு வெள்ளையே தக்கது என்பேன். இதில் நண்பர் என்னோடு இன்னும் உடன்படவில்லை.

நெற்கதிரைத் தட்டுக்கு வெளியே, தரையிற் கிடத்தி வைப்பது என்று முடிவாயிற்று. தாய் தேடிய பந்தத்துக்கு ஒரு சிறு அகல் வைக்கலாம் என்றார் நண்பர். ஏற்றிய விளக்கு பூசைப் படமாக்கிவிடும். ஏற்றாத விளக்கு நக்கீரர் அறையில் எரிந்ததை நினைவூட்டி ஏங்கவைக்கும். நான் இரண்டுக்கும் ஒவ்வவில்லை. திரி கருகி எண்ணெய் வற்றிய அகலானால் வைக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒன்பது நாள் எரிந்ததன் அடையாளம் அதுதான்.

எஞ்சியது பெயர். உள்ளுறை கற்றோர்க்கே விளங்கும் என்பது அதன் பழைய குறைபாடு. சங்கப்பாட்டின் உள்ளுறை அம்மரபிற் பயின்ற செவியை நம்பிப் பிறந்தது. ஜார்ஜ் டவுனில் படத்தைப் பார்க்க வருவோர் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஆவர். அவர்களுள் பெர்செபொனியை அறிந்தவர் சிலராகவே இருப்பர். படத்தின் கீழ் அவள் பெயரை எழுதினால் அறிந்தவர் தலையசைத்துப் போய்விடுவர். அறியாதவர் தமக்குரியதன்று என்று போய்விடுவர். எழுதாவிட்டால் யாரோ தின்று மீதிவைத்த பழம் என்று சொல்வர். சொல்லட்டுமே! அதுதான் படத்தில் இருப்பது. அங்கிருந்து தொடங்குவோர் ஏன் ஒரே ஒரு வித்து என்று கேட்கும் இடம் வரை தாமே வந்துவிடுவர். ‘ஒரு வித்து’ என்று மட்டும் எழுதலாம் என்றேன். நண்பர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று மொழியிலும் அதை எழுதிப் பார்த்தார். மலாயில் ‘சத்து பிஜி’ என்பது கடைக்காரர் எண்ணிக்கைபோல் ஒலிக்கிறது என்று அவருக்கு ஒரு குறை இருக்கிறது. அடுத்த மாதுளைப் பழம் வாங்குவதற்குள் அதற்கொரு சொல் தேடவேண்டும்.